776இல் தீவுக்கு, 750இல் பருத்தித்துறைக்கு

கொழும்பு, காலி வீதி

வெள்ளவத்தையில் காலை ஏழு மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பாணந்துறையிலிருந்து வரும் 100உம் மொரட்டுவையிலிருந்து வரும் 101உம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு புறக்கோட்டைப் பக்கம் ஓடியபடியே இருக்கும். ஒன்றில் ஏற இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது அதன் பின்னாலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும். மிதிபலகையில் நாலு பேர் தொங்குவார்கள். "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று கொண்டக்டர் உள்ளே இருப்பவர்களை இன்னும் முன்னுக்குத் தள்ளுவார். பை ஒருபக்கம் இழுபடும், ஆள் ஒருபக்கம் இழுபடுவார். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் காலிமுகத்திடல் வந்த பிறகுதான் கடற்காற்று கொஞ்சம் உள்ளே வரும்.

இந்த நெரிசலைத் திட்டாத கொழும்புத் தமிழர் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போய், சொந்த வாகனமோ வாடகைக் காரோ இல்லாமல் பஸ்ஸிலும் படகிலும் ரெயிலிலும் மட்டுமே குடாநாட்டைச் சுற்றி வருகிறவருக்குக் காலி வீதியின் கூட்டம் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கூட்டம்தான் பஸ்ஸுக்குப் பின் பஸ்ஸாகக் கொண்டுவந்து விடுகிறது. சனம் குறைந்தால் பஸ் குறையும். பஸ் குறைந்தால் மிச்சச் சனமும் மோட்டார் சைக்கிளுக்கு மாறும். மாற ஏலாத கிழவியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சந்தியில் காத்து நிற்பார்கள். குடாநாட்டில், முக்கியமாகத் தீவுப் பகுதியில், இது கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

கோட்டையிலிருந்து வடக்கே

யாழ்ப்பாணம் போகும் கொழும்புக்காரரில் பெரும்பாலானோர் இரவுப் பஸ்ஸைத்தான் விரும்புவார்கள். வேலை முடிந்து ஏறி, திரையை இழுத்து மூடி, விடியப்புறம் ஊரில் கண் விழிக்கலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் இடையில் கிடக்கும் நிலம் கண்ணில் படாமலே போய்விடும். பகல் ரெயிலில் ஏறினால் ஏறக்குறைய 400 கிலோமீற்றரும் யன்னல் வழியே வரும்: பொல்காவலை வரைக்கும் தென்னையும் வயலும், மாகோவுக்கு அப்பால் குளங்கள், அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா, அதற்கு அங்கால் வன்னிக் காடு.

யாழ்தேவி ரெயில் 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியது. கொழும்பில் அரசாங்க உத்தியோகம், ஊரில் குடும்பம் என்று வாழ்ந்த ஒரு தலைமுறை முழுவதையும் வடக்குப் பாதை ரெயில்கள்தான் தூக்கிச் சுமந்தன. மாம்பழக் கூடையோடும் எள்ளுப்பாகுப் போத்தலோடும் கொழும்புக்கு இறங்கியவர்கள், பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழமும் பிஸ்கட் தகரமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மூன்றாம் வகுப்பில் இன்றைக்கும் அந்த வாசனைகள் கலந்துதான் இருக்கின்றன. வடைக்காரர் கூடையோடு நடைபாதையில் நெருக்கிப் போகிறார். சிங்களக் குடும்பமொன்று நயினாதீவுக்குப் போவதற்காக வெள்ளை உடுப்போடு இருக்கிறது. எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மடியில் பேரனுக்கு வாங்கிய விளையாட்டுக் கார்.

"வவுனியாவுக்கு அங்காலை ரெயில் ஓடேக்கை எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்கும் தம்பி" என்கிறார் அவர். "இதிலை தண்டவாளமே இல்லாமல் பத்தை மண்டிக் கிடந்ததைப் பார்த்தனான்."

பார்த்தவர்கள் பலர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான ரெயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலீப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டு இரு தரப்பினதும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போர் முடிந்தபின் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் அடித்தளத்திலிருந்து பாதையை மீண்டும் போட்டது. கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பரிலும், பளைக்கு 2014 மார்ச்சிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர் 13இலும் ரெயில் வந்தது. அன்று யாழ்ப்பாண ஸ்ரேசனுக்குப் பார்க்க வந்த பிள்ளைகளில் பலருக்கு அது வாழ்க்கையில் முதன்முதல் கண்ட ரெயில்.

முறிகண்டியில் ஏ9 வீதியால் போகிற பஸ்கள் எல்லாம் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும். சாரதி இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசுவார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள். ரெயிலில் போகிறவர்களுக்குக் கச்சான் மட்டும் பெட்டிக்குள் வந்து சேரும். சூடாக வறுத்து, கோதோடு, கையை விட்டால் எடுக்கவே மனம் வராது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர், நடுவில் தண்டவாளமும் வீதியும். போர்க்காலத்தில் குடாநாட்டுக்குள் நிலத்தால் வருகிறவர் இந்த ஒடுங்கிய கழுத்தால்தான் வரவேண்டியிருந்தது. அதனால்தான் இதைப் பிடித்து வைத்திருந்தவர்கள் யாழ்ப்பாணத்தின் போக்குவரத்தையே பிடித்து வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவும் பூநகரியும் மூடப்பட்டபோது, சனம் கிளாலிக்குப் போய் இருட்டில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தது. கடற்படையின் தாக்குதலில் பலர் அந்தத் தண்ணீரில் செத்தார்கள். கொழும்பில் வைத்தியருக்குக் காட்ட, கடவுச்சீட்டு எடுக்க, பரீட்சை எழுத என்று புறப்பட்ட சாதாரண பயணங்கள் அவை. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. கொழும்பில் ஒரு வீதி மூடினால் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போகலாம். இங்கே அப்போது சுற்றிப் போக ஒழுங்கை இருக்கவில்லை.

நாவற்குழிப் பாலத்தில் ரெயில் வேகம் குறைகிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி இந்தப் பக்கத்தால்தான் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான மனிதர், அவர்களில் பலருக்கு இருந்த ஒரே வாகனம் சைக்கிள்.

யாழ்ப்பாணம், பஸ் நிலையம்

ரெயிலால் இறங்கினால் வாசலில் ஓட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரான்லி வீதிப் பக்கமாக ஆஸ்பத்திரி வீதி பஸ் நிலையம் வரை நடக்கவேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள ஆச்சி ஒருவருக்கு அது ஓட்டோக் காசுதான். கொழும்பிலிருந்து வரும் ரெயிலையும் குடாநாட்டின் பஸ்களையும் ஒரே வாசலில் சந்திக்க வைக்க இத்தனை வருடத்தில் யாரும் மெனக்கெடவில்லை என்பதை மன்னிக்க முடியவில்லை.

பஸ் நிலையம் பட்டினத்தின் இதயத்தில் இருக்கிறது. ஒருபக்கம் ஆஸ்பத்திரி, மறுபக்கம் சந்தை, பின்னால் பெரியகடை. சிவப்பு இ.போ.ச. பஸ்கள் ஒருபக்கம், தனியார் மினிபஸ்கள் இன்னொரு பக்கம். வயதானவர்கள் சிவப்பு பஸ்ஸை இன்னும் சி.ரி.பி. என்றுதான் சொல்கிறார்கள். 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பனிகள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

இரண்டுக்கும் இடையில் ஓயாத இழுபறி. ஒரே பாதையில் இ.போ.ச. பஸ்ஸும் மினிபஸ்ஸும் யார் முதலில் சந்தியைத் தொடுவது என்று ஓடும். ஆள் ஏற்றுவதற்காகத் தரிப்பிடத்தில் நின்று நின்று நேரம் போக்கிவிட்டு, பின்னால் மற்றது தெரிந்தவுடன் பறக்கும். இணைந்த நேர அட்டவணை ஒன்று வேண்டும் என்ற பேச்சு வடக்கில் வருடக்கணக்காக அடிபடுகிறது. அது பயணியின் பார்வையில் மிகச் சின்ன விசயம்: ஐந்து மணிக்கு ஒன்று, ஐந்தேகாலுக்கு ஒன்று என்று வந்தால் போதும். இப்போது பல பாதைகளில் இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போய்விட, பிறகு நெடுநேரம் வீதி வெறுமையாகக் கிடக்கிறது.

மாணவர்களின் நிலை இன்னும் சிக்கல். அரசு மானியத்தோடு கிடைக்கும் சீசன் ரிக்கற் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சீருடைகள் மினிபஸ்ஸைப் போக விட்டுவிட்டுச் சிவப்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன. அது வந்தால் காலி வீதியை விட மோசமான நெரிசல்.

மதியச் சாப்பாடு பெரியகடையில், மலாயன் கபேயில். வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், ரசம். கேட்காமலே இரண்டாம் தரம் சோறு வைக்கிறார்கள். பக்கத்து மேசையில் சங்கானையிலிருந்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்த கணவனும் மனைவியும். அவருக்குச் சலரோகம், அவவுக்குப் பிரஷர். இலக்கம் எடுக்க விடிய முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

"மருந்து எடுத்து முடிய மத்தியானம் ஆகிடும். பிறகு பஸ் பாத்து நிண்டு வீட்டை போய்ச் சேர நாள் முடிஞ்சிடும்" என்கிறார் அவர். மனைவி இடைமறிக்கிறா: "மோன் கனடாவிலை. ஓட்டோ பிடியுங்கோ அம்மா எண்டு காசு அனுப்புறான். எனக்கு பஸ்ஸிலை வந்தால்தான் நாலு சனத்தைக் காணலாம்."

குறிகட்டுவான் வரை: 776

பண்ணைப் பாலத்தைப் பஸ் தொட்டதும் பட்டினத்தின் சத்தம் அறுந்துவிடுகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் முழங்காலளவு கடல், தடிகள் ஊன்றி வலை கட்டிய மீன்பொறிகள், அவற்றின் மேல் குந்தியிருக்கும் கொக்குகள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. கொண்டக்டர் ரிக்கற் காசு வாங்கும்போதே ஒவ்வொருவருடைய வீட்டுச் செய்தியும் விசாரிக்கிறார். ஒரு கிழவியின் கோழித்தீன் மூட்டையைத் தானே இறக்கிப் படலையடியில் வைத்துவிட்டு ஓடி வந்து ஏறுகிறார். சாரதி பொறுமையாக நிற்கிறார், ஹோர்ன் அடிக்கவில்லை. "இறக்கம்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும், பஸ் நிற்கும். தரிப்பிடம் எது என்ற கேள்வியே இல்லை.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு இன்னொரு நீண்ட கடல்வழிப் பாலம். அதைக் கடந்ததும் பஸ் பாதி காலி. யன்னலுக்கு வெளியே பெரிய நாற்சார வீடுகள், கூரை சரிந்து, முற்றத்தில் பனை வடலி முளைத்து. புங்குடுதீவார் பிரான்ஸிலும் சுவிஸிலும் கனடாவிலும் தங்கள் ஊர்ப்பெயரில் சங்கங்கள் வைத்து வாழ்கிறார்கள். கோயில்கள் புதுவர்ணத்தில் மினுங்குகின்றன, வீதியில் ஆளில்லை. கோயில் கட்டப் புலம்பெயர்ந்தோர் காசு அனுப்பலாம். ஆனால் ஒரு பஸ் லாபத்தோடு ஓடுவதற்கு அதில் ஏற ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் பாரிஸ் மெற்றோவிலும் ரொறொன்ரோ பஸ்ஸிலும் நெருங்கி நிற்கிறார்கள். போரால் பெயர்ந்த ஊர் ஒன்று மீளாமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் உண்டு. அடிக்கடி பஸ் இல்லாத ஊரில் இளம் குடும்பம் ஒன்று திரும்பி வந்து குடியேறாது என்பதும் அதில் ஒன்று.

குறிகட்டுவான் இறங்குதுறையில் மறுபடி கூட்டம். நயினாதீவுக்குப் போகும் படகுகளில் தெற்கிலிருந்து வந்த பௌத்த யாத்திரிகர்கள் நாகதீப விகாரைக்கும், பட்டுச்சேலை உடுத்த பெண்கள் நாகபூசணி அம்மனுக்குமாக ஒரே பலகையில் நெருங்கி இருக்கிறார்கள். படகுக்காரர் இரண்டு மொழியிலும் உள்ளே போகச் சொல்கிறார். நெடுந்தீவுப் படகின் வரிசை வேறு. அதில் யாத்திரிகர் குறைவு. காஸ் சிலிண்டர், வெங்காய மூட்டை, சீமெந்து, பிளாஸ்ரிக் கதிரை, முட்டைத் தட்டு, அவற்றுக்கு நடுவில் கைப்பையோடு ஆசிரியைகளும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களும்.

நெடுந்தீவு

ஒரு மணிநேரக் கடற்பயணம். முதல் கொஞ்சத் தூரம் தீவுகளின் மறைவில் கடல் அமைதியாக இருக்கும். பிறகு வாடைக்காற்றுக் காலத்தில் படகு ஏறி இறங்கும்போது பேச்சு தானாக அடங்கிவிடுகிறது. ஓர் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு தேசிக்காய் முகர்கிறார். தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறாராம். விடியுமுன் வீட்டால் வெளிக்கிட்டால்தான் 776ஐப் பிடித்துப் படகைப் பிடிக்கலாம். "பஸ் பத்து நிமிசம் பிந்தினால் எனக்கு ஒரு நாள் லீவு" என்கிறார். படகு பஸ்ஸுக்குக் காத்திருக்காது, பஸ் படகுக்குக் காத்திருக்காது. கொழும்பில் பத்து நிமிடத் தாமதத்துக்கு யாரும் காரணம் கூடச் சொல்வதில்லை.

இந்தத் துறையில் படகுகளுக்குத் தனிப் பெயரும் தனி வரலாறும் உண்டு. குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை. குமுதினி என்றவுடன் தீவார் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்கள். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் குழந்தைகள் உட்பட வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள். ஒவ்வொரு மே 15இலும் நெடுந்தீவில் நினைவுகூருகிறார்கள். அதே குமுதினி திருத்தப்பட்டு மறுபடி வருடக்கணக்காக அதே கடலில் அதே சனத்தை ஏற்றி இறக்கியது. அப்போது வேறு படகு இருக்கவில்லை, தீவைவிட்டு வெளியே வர வேறு வழியும் இருக்கவில்லை.

தீவுக்குள் ஓட்டோ கிடைக்கும், சைக்கிள் கிடைக்கும். முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள் வீதிக்கு வீதி நீள்கின்றன. தெற்கே புல்வெளியில் ஒல்லாந்தர் காலத்துப் பரம்பரை என்று சொல்லப்படும் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. பெருக்க மரத்தின் வயிற்றுக்குள் இரண்டு பேர் நிற்கலாம். உல்லாசப் பயணிகளுக்கு இவை போதும், அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள்.

தீவாருக்கு வேறு கணக்கு. கடைக்காரர் ஒருவர் சோடாப் போத்தலைத் திறந்து தந்தபடி சொல்கிறார்: "அண்ணை, இஞ்சை எல்லாச் சாமானும் யாழ்ப்பாணத்தை விடக் கூட விலை. ஏன் எண்டால் பஸ், படகு, இறக்குக்கூலி, ஏத்துக்கூலி. ஒரு கிலோ சீனி இஞ்சை வந்து சேர நாலு கை மாறுது." பின்னேரப் படகு போன பிறகு வருத்தம் கடுமையானால், தீவு ஆஸ்பத்திரியால் ஏலாதென்றால், இரவில் கடல் தாண்டி நோயாளியைக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் போய் இருந்துவிடுகிறார்கள். பஸ் ரூட் போல இந்தப் படகு ரூட்டும் நாட்டின் பொதுப் போக்குவரத்துதான். கடல் கொந்தளிக்கும் நாளிலும் ஓடக்கூடிய, பழுதானால் உடனே மாற்று வரக்கூடிய படகைக் கேட்பது தீவாரின் உரிமை.

ஊர்காவற்றுறையில் பாதை ஏறி

திரும்பும் வழியில் வேலணை வங்களாவடியில் இறங்கி ஊர்காவற்றுறைப் பஸ்ஸுக்கு மாறலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கண்ணுக்கு எட்டும் தூரத்துக் கடல், பாலம் இல்லை. ஊரார் பாதை என்று சொல்லும் தட்டையான மிதவை ஒன்று இங்கும் அங்குமாகப் போய் வருகிறது. மோட்டார் சைக்கிள், சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிப்பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில் நிற்கின்றன. நடுக்கடலில் கடற்கோட்டை மிதப்பது போலத் தெரிகிறது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கட்டி முடித்தது, இப்போது கடற்படையின் விடுதி.

இந்தச் சின்னக் கடலைப் பாதையில் தாண்டாவிட்டால் யாழ்ப்பாணம் வரை போய்த்தான் சுற்றி வரவேண்டும். மிதவை பழுதானால் காரைநகரில் படிக்கும் ஊர்காவற்றுறைப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை.

காரைநகரில் இ.போ.ச.வுக்குச் சொந்தச் சாலை உண்டு. பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாக 782 யாழ்ப்பாணம் திரும்புகிறது. இருட்டுப்பட முதல் ஏறிவிட வேண்டும். ஏழு மணிக்குப் பிறகு குடாநாட்டின் பல வீதிகளில் பஸ் என்பதே இல்லை. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. பட்டினத்தில் கடைப் பிள்ளைகள் ஆறரைக்கே பரபரக்கிறார்கள். ரியூசன் வகுப்பு, வேலைநேரம், படம், கோயில் திருவிழா எல்லாம் கடைசி பஸ்ஸுக்கு அடங்கியே நடக்கின்றன. வேலை இருந்தும் பிந்தித் திரும்ப வழி இல்லாததால் அதை விட்ட பெண்களின் கதையை ஒவ்வொரு ஊரிலும் கேட்கலாம்.

பருத்தித்துறை: 750

கோப்பாய் தாண்டியதும் செம்மண். வெங்காயப் பாத்திகள், புகையிலை, நீர்வேலியில் வாழைத் தோட்டம் மேல் வாழைத் தோட்டம். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தம் பஸ்ஸின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிறது. புத்தூரைக் கடந்து வல்லை வெளியில் ஏறும்போது யன்னலோரத்தில் இருப்பவர்கள் பேப்பரை மடித்து வைக்கிறார்கள். மரம் மட்டை எதுவும் இல்லாத உவர்வெளி, காற்று பஸ்ஸையே ஒருபக்கம் தள்ளும். அந்த வெளிக்குள் எதிரே சைக்கிளில் ஒருவர் வருகிறார். காற்றுக்கு எதிராகக் குனிந்து, பின்கரியரில் புல்லுக்கட்டு.

யாழ்ப்பாணத்தைச் சைக்கிள் காப்பாற்றிய வரலாற்றை யாராவது முழுமையாக எழுதவேண்டும். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. சின்னப் போத்தலில் பொக்கிசமாக வைத்த சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஊரெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை. அதுவும் இல்லாதவர்கள் சைக்கிளில் நோயாளியை ஏற்றினார்கள், நெல்மூட்டை ஏற்றினார்கள், பொம்பிளை மாப்பிள்ளை ஏற்றினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் திருத்தித் திருத்தியே ஓடின. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றபோது, கொழும்பில் சைக்கிள் தேடி அலைந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொட்டிலுக்குள் இருந்ததைத் தட்டித் துடைத்து எடுத்தார்கள்.

இன்றைக்கு அந்தச் சைக்கிள்களின் இடத்தை மோட்டார் சைக்கிளும் ஸ்கூற்றியும் பிடித்துவிட்டன. வீட்டுக்கு ஒன்று போதாமல் இரண்டு. நெல்லியடிச் சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் புறப்படும் ஸ்கூற்றிகளில் பாதிக்கு மேல் பெண்கள். இது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை, கடைசி பஸ்ஸின் பிடியிலிருந்து அவர்களை விடுவித்தது அதுதான். ஆனால் ஸ்கூற்றி வாங்க ஏலாத வீட்டுப் பெண் இன்னும் சந்தியில்தான் நிற்கிறாள், அவளுக்காக வரும் பஸ்ஸோ ஆள் குறைந்து குறைந்து வருகிறது.

பருத்தித்துறையில் இறங்கியதும் வடை. மெல்லிசாகத் தட்டி, உழுந்தும் மிளகாயும் பெருஞ்சீரகமும் தெரியப் பொரித்த தட்டைவடை, கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பக்கற்றில் அடைத்து லண்டனுக்கும் போகிறது, ஆனால் சட்டியால் எடுத்த சூட்டில் தின்பதற்கு இங்கேதான் வரவேண்டும். வடை சுடும் அக்கா பேப்பரில் சுற்றித் தரும்போதே கேட்கிறா: "எங்கையிருந்து வாறியள்? கொழும்போ? பஸ்ஸிலையோ வந்தனீங்கள்?" பஸ்ஸில் வந்தது அவவுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வானில்தான் வருவார்களாம்.

கொடிகாமம்

பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஒரு காலத்தில் தட்டிவான்கள் ஓடின. பழைய லொறிச் சட்டத்தில் மரப்பலகையால் உடம்பு கட்டி, பின்னுக்குத் தட்டி ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதில் தேங்காய் மூட்டையும் மாம்பழக் கூடையும் சைக்கிளும் ஏற்றி, உள்ளே பக்கவாட்டு வாங்குகளில் ஆட்களை இருத்திக்கொண்டு போகும். சந்தைக்காரருக்காகவே பிறந்த வாகனம். பஸ்ஸில் மூட்டை ஏற்றினால் கொண்டக்டர் முகம் சுளிப்பார், லொறி பிடித்தால் லாபம் போய்விடும். தட்டிவான் பொருளையும் ஆளையும் ஒரே கட்டணக் கணக்கில் கொண்டுபோனது. இப்போது மிஞ்சியிருப்பவை மிகச் சில. அவையும் பெரும்பாலும் ஊர்வலத்துக்கும் படம் எடுக்கவும்தான்.

கொடிகாமம் சந்தையில் தென்மராட்சியின் பலாப்பழ வாசனை வீதி வரை வருகிறது. தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வரணியிலிருந்து ஓட்டோவில் வந்திருக்கிறா. "அப்ப தட்டிவானிலை மூட்டையோடை ஏறி வருவன். இப்ப ஓட்டோவுக்குக் குடுக்கிற காசு ஆறு தேங்காய் வித்த காசு மோனை" என்று விரலை மடக்கிக் காட்டுகிறா. அருமையான பொதுப் போக்குவரத்து ஒன்றை ஊர் தன்பாட்டிலேயே கண்டுபிடித்து, பிறகு தன்பாட்டிலேயே இழந்துவிட்டது. சந்தை நாட்களிலாவது மூட்டைகளோடு ஆளை ஏற்றும் ஒரு வாகனத்தை இந்த வீதியில் விட எந்த அதிகாரசபைக்கும் பெரிய செலவு வராது.

காங்கேசன்துறை

கொடிகாமத்தில் ரெயில் ஏறினால் யாழ்ப்பாணம் கடந்து கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று பாதை முடியும் இடம்வரை போகலாம். யாழ்ப்பாணத்துக்கு அப்பாலான இந்தத் துண்டு 2015 ஜனவரியில் திறந்தது. வீட்டுக் கொல்லைப்புறங்களுக்கு நடுவால் போகிறது ரெயில். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள், மாட்டுக்கொட்டில், மதில் மேல் காயும் புழுக்கொடியல். மாவிட்டபுரத்துக்குப் பிறகு கூரையில்லாத வீடுகள். உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலம், கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டு வருகிறது. 2025 ஏப்ரலில் பலாலிப் பக்கம் முப்பது வருடங்களுக்கு மேல் பூட்டிக் கிடந்த வீதி திறந்தபோது கூட, முதலில் காலை 6 மணி தொடக்கம் மாலை 5 மணி வரை மட்டும்தான் போகலாம், இடையில் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சொந்த ஊர் வீதியால் போக அனுமதி கிடைத்ததைக் கொண்டாட வேண்டிய நிலையில் ஒரு சனம் இருக்கிறது.

துறைமுகத்தில் வேறு கூட்டம். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. கப்பலால் இறங்கிய ஒரு நாகபட்டினத்துக் குடும்பம் வீதியோரம் நிற்கிறது. தோளில் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். ஓட்டோக்காரர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். குடும்பத் தலைவர் அவர்களை விலக்கிக்கொண்டு, அப்போதுதான் வந்து நின்ற 769இன் கொண்டக்டரிடம் போகிறார்.

"தம்பி, யாழ்ப்பாணம் போகுமா? நல்லூர்க் கோயில் பார்த்துட்டு ராத்திரி இங்கயே திரும்பி வரணும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு?"

"ராத்திரியோ?" கொண்டக்டர் ஒரு முறை அவரையும் பிள்ளைகளையும் பார்க்கிறார். "ஐயா, ராத்திரிக்கு பஸ்ஸை நம்பாதேங்கோ. அர்ச்சனையை வெள்ளண முடிச்சுப்போட்டு அஞ்சு மணிக்கு முதல் பஸ் ஸ்ராண்டுக்கு வாங்கோ, நான் அப்ப அங்கை நிப்பன். அம்மா, நீங்கள் பிள்ளையளோடை முன் சீற்றிலை இருங்கோ, பையை உதிலை வையுங்கோ. ஓம், வெளிக்கிடுவம்!"